கவளமும் கண்டமும்: சாங்கி வைத்திய சரித்திரத்தில் ஓர் ஏடு

சாங்கி என்றதும் இன்று உலகத்தாருக்கு நினைவு வருவது ஆகாய விமான நிலையம். சென்ற தலைமுறையினருக்கு நினைவு வந்தது சிறைச்சாலை. இவ்விரண்டையும் தவிர, கடலோரக் குன்றின்மீது பாழடைந்து நிற்கும் பழைய மருத்துவமனை ஒன்றும் அங்கே உண்டு. அதைப் பற்றிப் பேய்க்கதை சொல்வோர் அநேகர். அதனுள் நடந்த வைத்தியத்தைப் பற்றிச் சொல்வோர் சிலரே. யுத்தமும், கொள்ளைநோயும், இப்போது முதுமையும் முறைவைத்து வந்து மனிதனின் தொண்டையைப் பிடித்த பிரதேசம், சிங்கப்பூர்த் தீவின் இந்தக் கிழக்குக் கோடி. வாயில் இட்ட கவளம் உள்ளே இறங்க மறுக்கும் அந்தத் துன்பம், நெடுங்காலம் எந்த வைத்தியரின் தனிப் பொறுப்பிலும் சேராமல் கிடந்து, கடைசியில் பேச்சைத் திருத்த வந்தவர்களின் கையில் எவ்வாறு ஒப்படைக்கப்பட்டது என்பதே இங்கே நாம் ஆராயப் புகும் விஷயம்.

விழுங்குதல், பிறந்த குழந்தைக்கு யாரும் கற்பிக்காத வித்தை. பல் அரைத்த சோற்றை நாக்கு உமிழ்நீரோடு சேர்த்து உருட்டிப் பின்னுக்குத் தள்ள, மெல்லண்ணம் உயர்ந்து மூக்கின் வழியை அடைக்க, குரல்வளை மேலும் முன்னுமாக எழும்ப, அதன் மூடி கவிய, குரல்நாண்கள் இறுகச் சேர்ந்து சுவாசத்தை ஒரு கணம் நிறுத்த, உணவுக்குழாயின் வாயில் திறந்து கவளத்தை ஏற்றுக்கொள்கிறது. தொண்டைக்குள் நடக்கும் இவ்வளவு காரியமும் ஏறத்தாழ ஒரு விநாடியில் முடிந்துபோகிறது. இருப்புப்பாதைச் சந்திப்பில் திசைமாற்றும் கருவி இம்மியளவு பிசகினாலும் வண்டி வேறு தடத்தில் ஓடிவிடுவதுபோல, இந்த ஒழுங்கில் சிறிது தாமதம் நேர்ந்தாலும் காற்றுக்குரிய பாதையில் ஆகாரம் புகுந்துவிடுகிறது. தேக சுகம் உள்ளவனுக்குப் புரையேறி, இருமி, கண்ணில் நீர் வந்து, அத்தோடு தீர்ந்துவிடும். பக்கவாதம் கண்டவரிடமும் நடுக்குவாதம் முற்றியவரிடமும் அந்த இருமல்கூட எழாமல், கஞ்சித் துளி ஓசையின்றி நுரையீரலில் இறங்கி, சில நாள் கழித்து நிமோனியாக் காய்ச்சலாக வெளிப்படுவது உண்டு. பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு முதல் சில நாள்களிலாவது விழுங்குவதில் குறை இருக்கிறது என்பது இன்று எல்லா தேசத்து வைத்தியர்களும் ஒப்புக்கொண்ட உண்மை.

பழைய வைத்தியர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டால் மயிர் உருண்டையை நூலில் கட்டித் திரவ ஆகாரத்தோடு விழுங்கச் செய்து, அது எலும்பைப் பற்றியதும் நூலை இழுத்து வெளியேற்றும் உபாயத்தைச் சுசுருத சம்ஹிதை சொல்லுகிறது. இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் 1674இல் எழுதிய நூலில், உணவுக்குழாயின் அடிவாய் திறக்காத ஒருவர் திமிங்கில எலும்பின் நுனியில் பஞ்சுருண்டையைக் கட்டி, ஒவ்வொரு வேளையும் சோற்றை உள்ளே தாமே தள்ளிக்கொண்டு பல ஆண்டுகள் ஜீவித்த வரலாறு இருக்கிறது. 1790இல் ஜான் ஹன்டர், விழுங்கும் தசைகள் செயலற்றுப்போன ஒருவருக்கு, திமிங்கில எலும்பின்மேல் விலாங்குமீனின் தோலைக் குழாயாகப் போர்த்தி இரைப்பைக்குள் செலுத்தி, அதன் வழியே ஆகாரம் புகட்டினார். நோயாளி பிழைத்தார். இவையெல்லாம் மதிநுட்பம் வாய்ந்த செயல்களே. ஆயினும் எல்லாவற்றிலும் தொண்டை ஒரு தடையாகக் கருதப்பட்டதேயன்றி, பழுதுபட்ட ஓர் அங்கமாகக் கருதப்படவில்லை. தடையைத் தாண்டி ஆகாரத்தை அப்பால் சேர்ப்பது எப்படி என்று கேட்டார்கள். பழுதை நீக்கித் தொண்டைக்கு மறுபடியும் அதன் வேலையைக் கற்பிக்கக்கூடுமா என்று கேட்கவில்லை. அதற்கு முதலில் தொண்டை வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தாகவேண்டும் அல்லவா?

அந்தப் பாக்கியம் ஒரு வாத்தின் மூலம் கிட்டியது. எக்ஸ்ரே எனப்படும் ராண்ட்கன் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டு ஓராண்டே ஆன 1896இல், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவராக இருந்த வால்டர் கானன், நீண்ட கழுத்துள்ள வாத்து ஒன்றுக்குப் பிஸ்மத் உப்பை விழுங்கக் கொடுத்து, அது கழுத்தினூடே இறங்குவதைத் திரையில் பார்த்தார். உயரமான அட்டைக் கழுத்துப்பட்டையோடு பெட்டிக்குள் நின்ற அந்த வாத்துக்கு வைத்திய உலகம் பட்டிருக்கும் கடன் சிறிதன்று.

இனிச் சாங்கிக்கு வருவோம். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, இந்தியச் சிப்பாய்களைத் தேக்காவுக்கு அருகிலுள்ள ஃபேரர் பூங்காவில் தனியே பிரித்து நிறுத்திவிட்டு, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 50,000 பேரைச் சாங்கிப் பாசறைகளுக்கு நடத்திச் சென்றார்கள். ராபர்ட்ஸ் பாசறை அவர்களுடைய மருத்துவமனை ஆயிற்று. தீட்டிய அரிசியைத் தவிர வேறு ஆகாரம் அரிதாகவே, பெரிபெரி வந்தது. உதடு வெடித்து, நாக்குப் புண்ணாகி, வாயில் வைத்த சோறே நெருப்பாகச் சுடும் வைட்டமின் குறைவு நோயும் வந்தது. தவிட்டைத் தின்றார்கள், புல்லை அரைத்துச் சாறு பிழிந்து குடித்தார்கள். இவற்றோடு அதே ஆண்டில் தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியாவும் முகாமில் பரவிற்று.

தொண்டை அடைப்பானின் கொடுமை அதன் காய்ச்சலோடு முடிவதில்லை. தொண்டையில் படர்ந்த சவ்வு நீங்கி, ஆள் பிழைத்தான் என்று எல்லாரும் நினைத்திருக்கும் வேளையில், சில வாரம் கழித்து அந்நோயின் விஷம் நரம்புகளைத் தாக்குகிறது. முதலில் செயலற்றுப்போவது பெரும்பாலும் மெல்லண்ணமே. பேச்சு மூக்கால் வரும். குடித்த நீர் மூக்கின் வழியே திரும்பும். முற்றினால் உமிழ்நீரை விழுங்குவதும் இயலாது. முறிமருந்தைக் காலத்தில் செலுத்தினால் இவ்விபத்தைப் பெரும்பாலும் தடுக்கலாம். முகாமிலோ முறிமருந்து கிடைத்தற்கரிய பொருள். பேச்சும் விழுங்குதலும் ஒரே அண்ணத்தின், ஒரே நாக்கின், ஒரே நரம்புகளின் காரியம் என்பதைக் காட்ட அந்த நோயைவிடச் சிறந்த ஆசிரியர் வேண்டியதில்லை. குரல் மூக்கேறிய அன்றே நீரும் மூக்கேறுகிறது.

இந்தப் பாடத்தை உலகம் உடனே படித்துக்கொள்ளவில்லை என்பது வியப்பே. யுத்தத்தில் தலையில் குண்டடிபட்டுப் பேச்சிழந்த வீரர்களால் பேச்சுச் சிகிச்சை என்ற தொழிலுக்கு மேனாடுகளில் மதிப்பு உயர்ந்தது. 1945இல் லண்டனில் அத்தொழில் செய்வோருக்கெனத் தனிச் சங்கமும் எழுந்தது. ஆனால் அவர்களுடைய எல்லை சொல்லோடு நின்றது. சோறு தாதிமாரின் பொறுப்பில் இருந்தது. எல்லை முதலில் தளர்ந்தது, மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தைகளிடத்தில்தான். லண்டனில் அத்தகைய குழந்தைகளுக்கு வைத்தியம் செய்த பெர்டா, கரேல் போபாத் தம்பதியரும் அவர்கள் வழிவந்தோரும், தாடையையும் உதட்டையும் உண்ணும்போதே நெறிப்படுத்தாமல் பேச்சில் மட்டும் பலன் காண்பது கடினம் என்று கண்டார்கள். சிங்கப்பூரில் இக்குழந்தைகளுக்கான சங்கம் 1957இல் தோன்றிற்று. மறு ஆண்டே தீவில் இளம்பிள்ளைவாதம் பரவ, அப்போதைய மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேலின் முயற்சியால், ஸேபின் கண்ட வாய்வழித் தடுப்புமருந்து ஏறத்தாழ 200,000 குழந்தைகளுக்குப் புகட்டப்பட்டது. கொள்ளைநோயின் நடுவே அம்மருந்து அவ்வளவு விரிவாகக் கையாளப்பட்ட ஆதி நிகழ்ச்சிகளில் அது ஒன்று. காலை முடக்கும் இளம்பிள்ளைவாதத்தைத்தான் எல்லாரும் அறிவர். மூளையின் அடித்தண்டைத் தாக்கும் வகை தொண்டையை முடக்கி, நோயாளி தன் உமிழ்நீரிலேயே மூழ்கும்படி செய்யும். தலைப்பக்கம் தாழ்த்திக் கிடத்தி, சுரப்பது வெளியே வழியவிடுவதே அக்காலத்து வைத்தியம்.

பெரிய திருப்பம் சிகாகோவில் நிகழ்ந்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பேச்சுத் துறையைச் சேர்ந்த ஜெரி லோகமன் என்ற அம்மையார், பேரியம் கலந்த நீரையும் கூழையும் பிஸ்கோத்தையும் சிறுசிறு அளவாகக் கொடுத்து, விழுங்கும் தொண்டையைக் கதிர்ப்படக் கருவியின் முன் ஓடும் படமாகப் பதிவு செய்யும் முறையை வகுத்து, 1983இல் விழுங்கல் குறைகளின் பரீட்சையையும் சிகிச்சையையும் பற்றிய நூலை வெளியிட்டார். கானன் வாத்திடம் கண்டதை லோகமன் நோயாளியிடம் கண்டார். ஆனால் அவர் பார்த்ததோடு நிற்கவில்லை. அந்தக் கருவியின் முன்னேயே நோயாளியின் மோவாயைத் தாழ்த்தச் சொல்லியும், பலவீனமான பக்கம் கழுத்தைத் திருப்பச் சொல்லியும், மூச்சை அடக்கி விழுங்கி உடனே இருமச் சொல்லியும், எந்த உபாயத்தில் கவளம் நேர்வழி செல்கிறது என்பதை அங்கேயே தேர்ந்தெடுத்தார். 1988இல் சூசன் லாங்மோர் என்ற மற்றோர் அம்மையாரும் அவர் கூட்டாளிகளும், மூக்கின் வழியே மெல்லிய உள்நோக்கியைச் செலுத்தி, நோயாளி கட்டிலில் இருந்தபடியே தொண்டையை நேரில் பார்க்கும் முறையை வெளியிட்டார்கள். பேச்சுச் சிகிச்சை நிபுணர், சொல்லோடு சோற்றுக்கும் உரியவரானது இவ்வாறுதான்.

சிங்கப்பூருக்கு இது வெறும் இறக்குமதி அல்ல. இத்தீவின் சீனர்களிடையே, முக்கியமாகக் கான்டனீஸ் வகுப்பாரிடையே, மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேற்கூரையில் தோன்றும் புற்றுநோய் மேனாட்டில் காணாத அளவுக்கு மிகுந்திருந்தது. அந்நோயின் திசுவகைகளைப் பகுத்து ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர், நம்மவரான பேராசிரியர் கனகரத்தினம் சண்முகரத்தினம். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் 1921இல் பிறந்து, சிங்கப்பூர் நோய்க்கூற்றியலின் தந்தை என்று போற்றப்பட்டு, 2018இல் மறைந்த இப்பெரியார், 1968ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதிலும் காணும் புற்றுநோய் ஒவ்வொன்றையும் பதியும் பதிவகத்தை நிறுவினார். எந்த இனத்தாரை எந்தப் புற்றுநோய் பற்றுகிறது என்பதை அப்பதிவகம் தெளிவுபடுத்தியது. சீனருக்கு மூக்குத்தொண்டையில் என்றால், இந்தியருக்கு வாயிலும் தொண்டையிலும். வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லும் நம் பழக்கத்துக்கு அதில் பங்கு உண்டு. இதைச் சொல்ல நமக்கு வெட்கமாயிருந்தாலும் சொல்லியே ஆகவேண்டும். மூக்குத்தொண்டைப் புற்றைக் கதிர்வீச்சு நன்றாகவே குணப்படுத்துகிறது. ஆனால் குணமாகிப் பத்து, பதினைந்து ஆண்டு சுகமாக வாழ்ந்தவரின் கழுத்துத் தசைகள், அந்தப் பழைய கதிரின் விளைவால் மெல்ல மெல்ல இறுகி, ஒருநாள் கஞ்சியும் இறங்காத நிலை வருவதுண்டு. உயிரைக் காத்த வைத்தியமே பிற்காலத்தில் கவளத்தைத் தடுக்கும் இந்த விசித்திரத்தைச் சிங்கப்பூரின் சிகிச்சையாளர்கள் தங்கள் வார்டுகளிலேயே கற்றார்கள்.

சாங்கிக் குன்றில் 1930களில் ராணுவத்துக்காக எழுந்த கட்டடங்கள், யுத்தத்துக்குப் பின் பிரிட்டிஷ் வான்படையின் மருத்துவமனையாகி, 1971இல் ஆங்கிலேயர் படை விலகியபின் கைமாறிக் கைமாறி, இறுதியில் பொதுஜனங்களுக்கான சாங்கி மருத்துவமனையாயின. அந்தப் படைத்தளங்களை நம்பிப் பிழைத்த தமிழரும் மலையாளிகளும் அக்கம்பக்கத்தில் அநேகர். சாங்கிக் கிராமத்து ஸ்ரீ ராமர் ஆலயம் அந்தக் காலத்தின் சாட்சி. 1997இல் பழைய மருத்துவமனையை மூடி, தோ பாயோ மருத்துவமனையோடு இணைத்து, சீமெய்யில் சாங்கிப் பொது மருத்துவமனையை நிறுவினார்கள். 2005இல் புனித ஆண்ட்ரூ சமூக மருத்துவமனையும் அதன் அருகில் குடிபுகுந்தது. பக்கவாதம் கண்டவர் முதல் வாரத்தை ஒன்றிலும், தேறும் வாரங்களை மற்றொன்றிலும் கழிப்பதற்கு இவ்வமைப்பு பெரிதும் அனுகூலம்.

இத்தகைய மருத்துவமனைகளில் பணி செய்யப் பேச்சுச் சிகிச்சை கற்க விரும்பிய சிங்கப்பூரர், முன்பெல்லாம் பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகவேண்டியிருந்தது. 2007இல்தான் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் இத்துறையில் முதுநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 2011இல் நிறைவேறிய துணைமருத்துவத் தொழிலர் சட்டம், இத்தொழில் செய்வோர் பதிவு பெற்றாகவேண்டும் என்று விதித்தது. உள்ளூரில் படித்து வந்தவர்களுக்கு, நோயாளியின் மொழியும் அடுக்களையும் அந்நியமாக இல்லை. இது பெரிய லாபம் என்பது என் அபிப்பிராயம். பரீட்சையின்போது நிபுணர் முதலில் நோயாளியின் வாயைத் திறக்கச் செய்து பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்லுகிறார். பேசவைத்துக் குரலைக் கேட்கிறார். பிறகு ஒரு கரண்டி நீரைக் கொடுத்து, குரல்வளை எழும்புகிறதா என்று விரலை வைத்து உணருகிறார். விழுங்கியபின் குரல் நீர் தளும்புவதுபோல் ஒலித்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். இப்பரீட்சையில் குறை தென்பட்டு நோயாளிக்கு ஆகாரக் கட்டுப்பாடு விதிக்கும்போதுதான் வீட்டாருக்கும் மருத்துவமனைக்கும் தகராறு தொடங்குகிறது.

ஏனெனில், எளிதென்று நாம் எண்ணுவது தொண்டைக்கு எளிதன்று. பச்சைத் தண்ணீர் மிக வேகமாக ஓடுவதால் அதுவே அதிக ஆபத்து. நீர் வேறு, திப்பி வேறாக வாயில் பிரியும் ரசஞ்சோறு மிகவும் கடினம். ஒட்டிக்கொள்ளும் குழைசாதமும், உதிரியாகச் சிதறும் சாதமும் இரண்டுமே தொல்லை. 2013இல் தொடங்கிய அனைத்துலக முயற்சி ஒன்றின் பயனாக, பானமும் உணவும் 0 முதல் 7 வரை படிகளாக வகுக்கப்பட்டன. பத்து மில்லிலிட்டர் ஊசிக்குழலில் பானத்தை நிரப்பி, பத்து விநாடி ஒழுகவிட்டு, மிஞ்சியது ஒன்று முதல் நான்கு மில்லிலிட்டர் என்றால் ஒன்றாம் படி, நான்கு முதல் எட்டு என்றால் இரண்டாம் படி என்று, யந்திரம் எதுவும் இன்றி எந்த அடுக்களையிலும் அளந்துவிடலாம். ஐந்தாம் படி உணவில் பெரியவர்களுக்குக் கட்டி நான்கு மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. நம் வீட்டுக் கேழ்வரகுக் கூழையும் பாசிப்பருப்புக் கஞ்சியையும் இந்த அளவையில் வைத்துப் பார்த்தால், பானத்தைத் தடிப்பாக்கும் மாவுப்பொட்டலம் வாங்கிக் கரைக்க வேண்டிய அவசியம் பல வேளைகளில் இராது என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் கவனிப்பது நலம்.

நீரைத் தடிப்பாக்குவதே சர்வரோக நிவாரணி என்றும் எண்ணிவிடலாகாது. 2008இல் அமெரிக்காவில் 515 நோயாளிகளிடம் நடந்த ஆராய்ச்சியில், மோவாயைத் தாழ்த்தி மெல்லிய பானம் அருந்தியவர்களுக்கும், தடித்த பானம் அருந்தியவர்களுக்கும் மூன்று மாதத்தில் நிமோனியா வந்ததில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. தடித்த பானக்காரர்களில் அதிகம் பேருக்கு உடம்பில் நீர் வற்றியது. லோகமனும் அந்த ஆராய்ச்சிக் குழுவில் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. தம் துறையின் பழக்கத்தையே சோதனைக்கு உட்படுத்தும் நேர்மை எல்லாச் சாஸ்திரத்திலும் காணக்கூடியதன்று.

அரைத்த சோற்றில் இன்னொரு குறையும் உண்டு. பட்டாணியும் காரட்டும் மீனும் ஒரே நிறக் குழம்பாக வந்தால், உண்பவருக்கு உண்ணும் ஆசையே அற்றுப்போகிறது. அச்சில் வார்த்து, காரட் கூழுக்குக் காரட்டின் உருவத்தையே கொடுக்கும் வழக்கம் இதனால் வந்தது. 2021இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், யீஷூனிலுள்ள கூ டெக் புவாட் மருத்துவமனையும், சிங்கப்பூர்த் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, புதிய காய்கறிக் கூழை முப்பரிமாண அச்சுயந்திரத்தால் உருவமாக அச்சிட்டுக் காட்டின. இவற்றுள் கடைசிப் பல்கலைக்கழகம் இருப்பது சாங்கி வட்டாரத்துச் சோமப்பா சாலையில். அந்தப் பெயர் ஹன்மா சோமப்பா என்ற இந்திய நிலக்கிழாருடையது. யந்திரத்தில் அச்சிட்ட காரட் எல்லாருடைய தட்டுக்கும் வந்துசேரும் என்று நான் நம்பவில்லை. ஆனால் முதியவரின் தட்டு பார்வைக்கும் இனியதாக இருக்கவேண்டும் என்று மூன்று ஸ்தாபனங்கள் கவலைப்பட்டதே பாராட்டத்தக்கது.

இவ்வளவு கருவிகளுக்குப் பின்னும், மலிவான ஒரு காரியம் மறக்கப்படுகிறது. லாங்மோரும் கூட்டாளிகளும் 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சி, நிமோனியாவை முன்கூட்டி அறிவிக்கும் அடையாளங்களில் முக்கியமானவை, ஆகாரம் ஊட்ட இன்னொருவர் வேண்டியிருத்தல், வாயைச் சுத்தம் செய்ய இன்னொருவர் வேண்டியிருத்தல், சொத்தைப் பற்களின் தொகை என்று காட்டியது. தவறான வழியில் இறங்கும் உமிழ்நீர் சுத்தமாயிருந்தால் தீங்கு குறைவு. முதியவர்களுக்கு வேளைதோறும் பல்லையும் நாக்கையும் துலக்கிவிட்டால் நிமோனியா குறைகிறது என்று ஜப்பானிய இல்லங்களில் நடந்த சோதனையும் மெய்ப்பித்தது. சாகுந்தறுவாயில் வாயில் பால் ஊற்றும் நம் வழக்கத்தைக் கண்டு அஞ்சும் தாதியரிடம் சண்டைக்குப் போவானேன்? பாலில் நனைத்த பஞ்சால் உதட்டையும் நாக்கையும் ஈரமாக்கினாலே சடங்கும் நிறைவேறும், நோயாளிக்கும் மூச்சுமுட்டாது.

புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சிரிப்பது நம் வீட்டு மரபு. எப்போதோ ஒரு முறை என்றால் சிரித்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு வேளையும் சாப்பிடும்போது இருமினாலும், நீர் குடித்தபின் குரல் கரகரத்தாலும், கன்னத்தில் சோற்றை ஒதுக்கி வைத்துக்கொண்டாலும், காரணம் தெரியாமல் மெலிந்தாலும், மருத்துவரிடம் சொல்லிப் பேச்சுச் சிகிச்சை நிபுணரின் பரீட்சைக்கு ஏற்பாடு செய்யுங்கள். அதுவரையில் அவரை நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் இறங்கியதைக் கண்ட பின்னரே மறு வாய் கொடுங்கள். உண்டு முடித்த பின் அரைமணி நேரமாவது படுக்கவிடாதீர்கள்.